அடைமொழிக்கு ஒரு சண்டை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் படம் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசி வரை படித்துவிட்டு "நீங்கள் சொல்வது தப்பு டீச்சர்" என்று எழுதினால் அதிகம் சந்தோஷப்படுவேன்.

விஷயம் இதுதான். விக்கிப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் நம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பாட்டுக் குழுவைப் பற்றிய கட்டுரையின் முதல் வரியில் எந்த அடைமொழி போடுவது என்று ஆண்டுக்கணக்காக வாதம் நடக்கிறது. "இன்ன நாட்டுக் குழு", "இன்ன வகைக் குழு" என்று இரண்டு மூன்று சொற்கள்தான். ஒருவர் போடுவார், இன்னொருவர் எடுப்பார். மறுபடி போடுவார், மறுபடி எடுப்பார். இதைக் கேட்டவுடன் "வேலையற்ற கூட்டம்" என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல்லுக்காகச் சண்டை போடுவது அற்பமான காரியம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சண்டை தீருகிற வழி அடைமொழியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதில் இல்லை. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

இந்த வயதில் எனக்கு இங்கிலீஷ் பாட்டுக் குழு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அக்காள் பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். கிடார் வாசிப்பான். 'ஸ்னோ பேட்ரோல்' என்ற குழு என்றால் அவனுக்கு உயிர். பொங்கல் லீவுக்கு வந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சின்னாச்சி, நான் எழுதினதை எவனோ அழிச்சுட்டான். மறுபடி எழுதினேன், மறுபடி அழிச்சுட்டான்" என்றான். என்ன எழுதினான் என்றால், கட்டுரையில் 'ராக் குழு' என்று இருந்ததை 'இண்டி ராக் குழு' என்று மாற்றியிருக்கிறான். ஒரே ஒரு சொல். பத்து நிமிடம் கூட நிற்கவில்லையாம்.

அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். கட்டுரைக்குப் பின்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று உரையாடல் பக்கம். அங்கேதான் வாதம் நடக்கும். இன்னொன்று வரலாறு. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். பரீட்சைத் தாளில் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் போட்டு அடித்த கணக்கைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு. விடையை விட அடித்தல் அதிகம் சொல்லும். அதே ஆசையில் உட்கார்ந்தேன். ஆங்கிலம் தடுக்கிய இடத்தில் அவன் சொன்னான். லீவு முடியும்வரை இருவருக்கும் இதே வேலை.

முதலில் குழுவைப் பற்றி. 1994ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ பல்கலைக்கழகத்தில் படித்த மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. பாடகர் கேரி லைட்பாடி, வட அயர்லாந்தில் பேங்கோர் என்ற கடற்கரை ஊர்க்காரர். முதலில் வைத்த பெயர் 'ஷ்ரக்'. பிறகு 'போலார்பேர்' என்று மாற்றினார்கள். அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் 1997இல் 'ஸ்னோ பேட்ரோல்' ஆனது. பெயரிலேயே இரண்டு மாற்றம் கண்ட குழுவுக்கு அடைமொழியில் தகராறு வராமல் இருக்குமா?

இப்போது பேரன் போட்ட சொல்லுக்கு வருவோம். 'இண்டி' என்றால் என்ன? சுதந்திரமான, சார்பில்லாத என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் செல்லச் சுருக்கம். 1970களின் கடைசியில் பிரிட்டனில் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் வாசலில் காத்துக் கிடக்காமல் சிறு கம்பெனிகளும், சில சமயம் பாடகர்களே கைக்காசு போட்டும் தட்டு வெளியிட்டார்கள். 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' குழு அப்படித் தாங்களே வெளியிட்ட தட்டை இந்த வழிக்கு முன்னோடி என்பார்கள். 1980இல் இவற்றுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கப் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தட்டு பெரிய கம்பெனியின் விநியோக வழியில் போகிறதா, தனி வழியில் போகிறதா என்பதுதான் அளவுகோல்.

அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியப் பாடகி கைலி மினோக் அந்த இண்டி பட்டியலின் உச்சிக்குப் போனார். துள்ளாட்டப் பாட்டுகள், ஊரெல்லாம் வானொலியில் ஒலித்தவை. ஆனால் அவருடைய தட்டுகளை வெளியிட்டது சிறு கம்பெனி, விநியோகம் தனி வழி. விதிப்படி அவர் இண்டி! இன்னொரு பக்கம், 1986இல் ஒரு இசை வார இதழ் 22 குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து ஒரு ஒலிநாடா வெளியிட்டது. அதன் பிறகு கிடார் சிணுங்கும் ஒருவகைப் பாட்டுக்கே 'இண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆக, வியாபார முறைக்கு வைத்த பெயர் ஓசைக்குப் பெயராகிவிட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இரண்டு பேர் இரண்டு பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்குச் சண்டை போட்டால் உலகம் உள்ளளவும் தீராது.

ஸ்னோ பேட்ரோலுக்கு வருவோம். அவர்களின் முதல் இரண்டு ஆல்பங்கள் 1998இலும் 2001இலும் வந்தன. வெளியிட்டது ஜீப்ஸ்டர் என்ற சிறு கம்பெனி. சரியாக விற்கவில்லை. ஜீப்ஸ்டர் அவர்களைக் கைவிட்டது. 2003இல் வந்த மூன்றாவது ஆல்பம் பாலிடோர் என்ற பெரிய கம்பெனியின் குடையின் கீழ் வந்தது. அதிலிருந்துதான் ஏற்றம். 2006இல் வந்த 'சேசிங் கார்ஸ்' பாட்டு ஒரு அமெரிக்க மருத்துவமனைத் தொடரில் ஒலித்து உலகமெல்லாம் பரவியது. இந்த நூற்றாண்டில் பிரிட்டிஷ் வானொலிகளில் மிக அதிகம் ஒலிபரப்பான பாட்டு அதுதான் என்று 2019இல் அறிவித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், இவர்கள் இண்டியா இல்லையா? ஜீப்ஸ்டர் காலத்தைப் பார்ப்பவர் ஆமாம் என்பார். பாலிடோர் காலத்தைப் பார்ப்பவர் இல்லை என்பார். ஓசையைப் பார்ப்பவர் "கிடாரைக் கேளுங்கள், இண்டிதான்" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. பேரனுக்கு அந்தச் சொல் எதற்கு வேண்டியிருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெறும் ராக் குழுன்னு சொன்னா எல்லாக் குழு மாதிரியும் ஆயிருது சின்னாச்சி" என்றான். நேர்மையான பதில். தகவலுக்காக அவன் அதைப் போடவில்லை, மாலையாகப் போட்டிருக்கிறான். விரும்புகிறவனுக்கு மாலை போடலாம், அதில் தவறில்லை. கலைக்களஞ்சியத்தின் முதல் வரி அதற்கு மேடை இல்லை, அவ்வளவுதான். இப்படி இசைவகையை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு விக்கிப்பீடியாவில் ஒரு பட்டப்பெயர் கூட உண்டு: 'இசைவகைப் போராளிகள்'. நம் வீட்டிலும் ஒரு போராளி இருக்கிறான் என்று அவனைக் கேலி செய்தேன்.

இசைவகைச் சண்டையை விடப் பெரியது நாட்டுச் சண்டை. ஸ்னோ பேட்ரோல் எந்த ஊர்க் குழு? பிறந்த இடம் டண்டீ, ஆகவே ஸ்காட்லாந்துக் குழு என்கிறார்கள் ஒரு சாரார். பாடகர் முதல் பலரும் வட அயர்லாந்துக்காரர்கள், ஆகவே வட அயர்லாந்துக் குழு என்கிறார்கள் இன்னொரு சாரார். அயர்லாந்து என்று மட்டும் போடு என்பவரும் உண்டு. பிரிட்டிஷ் என்று போட்டு முடித்துக்கொள் என்பவரும் உண்டு. கட்டுரையின் முதல் வரியில் இப்போது இரண்டையும் ஒரு கோடு போட்டு இணைத்து 'வட அயர்லாந்து–ஸ்காட்லாந்து' குழு என்று வைத்து, 1994இல் டண்டீயில் தொடங்கியது என்று சேர்த்திருக்கிறார்கள்.

வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு இது கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற விளையாட்டு. அங்கே அப்படி இல்லை. வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் துப்பாக்கியும் வெடிகுண்டும் பேசின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 'நான் அயர்லாந்துக்காரன்', 'நான் பிரிட்டிஷ்காரன்' என்ற இரண்டு சொற்கள் அந்தச் சண்டையின் நடுவில் இருந்தன. 1998 ஏப்ரல் 10 அன்று ஓர் உடன்படிக்கை கண்டார்கள். அது புனித வெள்ளி. அதில் ஒரு ஷரத்து எனக்கு மிகவும் பிடித்தது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை அயர்லாந்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ்காரர் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டும் என்றும் சொல்லிக்கொள்ளலாம். அது அவரவர் உரிமை. ஒரு மனிதனின் அடைமொழியை அடுத்தவர் முடிவு செய்யக்கூடாது என்று அரசாங்கங்களே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்களின் குழுவுக்கு முன்னால் ஒரு நாட்டின் பெயரை ஒட்டுவது எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டிய வேலை!

ஊர்ப்பெயரிலும் இதே கதை. 2011இல் குழுவில் சேர்ந்த ஜானி மெக்டெய்ட் பிறந்த ஊருக்கு இரண்டு பெயர். ஒரு சாரார் 'டெர்ரி' என்பார்கள், இன்னொரு சாரார் 'லண்டன்டெர்ரி' என்பார்கள். எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். 1984இல் நகராட்சி மன்றம் தன் பெயரை டெர்ரி என்று மாற்றிக்கொண்டது. 2007இல் நீதிமன்றம், ஊரின் சட்டப்பெயர் லண்டன்டெர்ரிதான் என்று சொல்லிவிட்டது. இரண்டு பெயருக்கும் நடுவே சாய்கோடு போட்டே எழுதி எழுதிக் கடைசியில் ஒரு வானொலி அறிவிப்பாளர் அந்த ஊருக்கு 'சாய்கோட்டு நகரம்' என்று வேடிக்கைப் பெயர் வைத்தார். விக்கிப்பீடியாவில் பல வாதத்துக்குப் பிறகு ஓர் உடன்பாடு செய்திருக்கிறார்கள். நகரத்தைக் குறிக்கும்போது டெர்ரி, மாவட்டம் போன்ற அந்தப் பெரிய பகுதியைக் குறிக்கும்போது லண்டன்டெர்ரி. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் தினம் தினம் அழித்து எழுதுகிற கூத்து அடங்கியது. ஊர்ப் பஞ்சாயத்தில் வளர்ந்த நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2005 வாக்கில் குழுவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருவர் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகினார்கள். 2023க்குப் பிறகு மிச்சம் இருக்கும் மூன்று பேரும் வட அயர்லாந்துக்காரர்கள். அப்படியானால் 'ஸ்காட்லாந்து' என்ற சொல்லை இப்போது எடுத்துவிட வேண்டுமா? ஆள் போனால் அடைமொழியும் போகுமா? பிறந்த இடம் மாறாதே! இந்தக் கேள்வியை நான்கு நாள் மனதில் போட்டு உருட்டினேன்.

உருட்டியதில் எனக்குப் பட்டது இது. சண்டை வருவது அடைமொழியில். சண்டை வராதது நடந்ததில். "1994இல் டண்டீயில் படித்த மாணவர்கள் தொடங்கியது" என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. "பாடகர் பேங்கோரைச் சேர்ந்தவர்" என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. "முதல் இரண்டு ஆல்பங்கள் ஜீப்ஸ்டர், மூன்றாவது பாலிடோரின் கீழ்" என்பதற்கு யாரும் அடித்து எழுதப்போவதில்லை. இந்த மூன்று வரியைப் படிக்கிறவருக்கு அவர்கள் எந்த ஊர், இண்டியா இல்லையா என்ற இரண்டு கேள்விக்கும் விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. அதுவும் அவரவர் அறிவுக்குத் தக்கபடி. நான் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக் கொடுத்தபோது செய்ததும் இதுதான். "பசு மிகவும் நல்ல விலங்கு" என்று எழுதினால் ஒரு கோடு போடுவேன். "பசு பால் தரும்" என்று எழுதினால் ஒரு மார்க் போடுவேன்.

உங்கள் மாற்றுச் சான்றிதழை யாராவது இன்னும் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் அங்க அடையாளம் என்று ஓர் இடம் இருக்கும். "வலது முழங்கையில் ஒரு மச்சம்", "இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு" என்று எழுதியிருப்போம். "துறுதுறுப்பான பையன்", "லட்சணமான பிள்ளை" என்று எழுதியதில்லை. ஏன்? மச்சத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் சரிபார்க்கலாம். முப்பது வருடம் கழித்து வேறு ஊரில் வேறு ஆள் பார்த்தாலும் அது அங்கே இருக்கும். லட்சணம் என்பது பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. கலைக்களஞ்சியத்தின் விதியும் கிட்டத்தட்ட இதேதான். நீ என்ன நினைக்கிறாய் என்று அது கேட்பதில்லை. நம்பத் தகுந்த யார், எங்கே எழுதியிருக்கிறார் என்று கேட்கும். இல்லையென்றால் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி போட்டுவிடும். பேரனின் சொல் அழிந்தது அவன் பொய் சொன்னதால் இல்லை, கையோடு சான்று கொண்டு போகாததால்.

"அந்தப் பாடகரே நேரில் வந்து சொன்னால்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஃபிலிப் ராத் என்ற பெரிய அமெரிக்க நாவலாசிரியர் தன்னுடைய நாவல் ஒன்று யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று விக்கிப்பீடியாவில் இருந்த தகவல் தவறு என்று திருத்தச் சொன்னார். "எழுதியவர் நீங்கள்தான், ஆனாலும் வேறு சான்று வேண்டும்" என்று பதில் வந்தது. அவருக்குக் கோபம். 2012இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையின் இணையதளத்தில் நீண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டார். அந்தக் கடிதமே அச்சான சான்று ஆகிவிட, அவர் சொன்னது கட்டுரையில் ஏறியது. பலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த விதியின் மேல் மரியாதைதான் கூடியது. ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும், 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று அவர் பெயரிலேயே. அது தீர்ப்பு ஆகிவிடாது. நம் சொந்தக்காரர்களில் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றித் தாங்களே முதல் வரி எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

இலக்கணச் சண்டையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் என் கைக்கு அரிப்பு தீராது. ஆங்கிலத்தில் ஒரு குழுவை ஒருமையில் சொல்வதா பன்மையில் சொல்வதா என்று ஒரு தகராறு. அமெரிக்க வழக்கில் குழு ஒருமை. பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் பன்மை. அதனால் கனடாவின் 'ஆர்கேட் ஃபயர்' கட்டுரையின் முதல் வரி ஒருமையிலும், இங்கிலாந்தின் 'ஆர்க்டிக் மங்கீஸ்' கட்டுரையின் முதல் வரி பன்மையிலும் இருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் பிழை என்று எண்ணித் திருத்தப் போவார்கள், உடனே பழையபடி மாறிவிடும். நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. "குழு பாடியது" என்றால் அஃறிணை, "குழுவினர் பாடினர்" என்றால் உயர்திணை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு ஒரு கும்பிடு. பீட்டில்ஸ் குழுவின் பெயருக்கு முன்னால் வரும் ஆங்கிலச் சுட்டெழுத்துச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாகப் போடுவதா சிறிதாகப் போடுவதா என்ற வாதம் முற்றி, கடைசியில் 2012இல் வாக்கெடுப்பு வரை போனது. சிறிய எழுத்து வென்றது. ஓர் எழுத்தின் உயரத்துக்கு இத்தனை பாடு என்று பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. நான் வேடிக்கை பார்க்க மாட்டேன். முன்பின் தெரியாதவர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, பேசி, அடிதடி இல்லாமல் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் கடைசியாக இப்படி ஒன்று நடந்தது எப்போது?

அங்கே ஒரு விதி இருக்கிறது. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் எழுதியதைத் திருப்பி மாற்றக்கூடாது. மீறினால் சில காலம் எழுத விடமாட்டார்கள். நீ சொன்னது சரியாகவே இருந்தாலும் இதே விதி. சரியாக இருப்பதும் சண்டை போடுவதும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் நான் சொல்வேனே, "யார் மேல தப்புங்கிறது அப்புறம், முதல்ல ரெண்டு பேரும் கையை எடுங்க" என்று. அதேதான்.

இனி, என் வாதத்துக்கு எதிராக என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். "அடைமொழியே வேண்டாம் என்பது கோழைத்தனம் டீச்சர். சிறிய ஊருக்கும் சிறிய நாட்டுக்கும் அந்தச் சொல்தான் பெருமை. டண்டீ மக்கள் 'இது எங்கள் ஊர்க் குழு' என்று சொல்லிக்கொள்ளக் கூடாதா?" நியாயமான கேள்வி. சொல்லிக்கொள்ளலாம், உரக்கவே சொல்லலாம். அதனால்தான் 'டண்டீ' என்ற ஊர்ப்பெயர் முதல் வரியில் இருந்தே ஆக வேண்டும் என்கிறேன். 'ஸ்காட்லாந்துக் குழு' என்பதை விட 'டண்டீயில் தொடங்கியது' என்பது அந்த ஊருக்கு அதிகப் பெருமை இல்லையா? உங்களை 'தமிழ்நாட்டுக்காரர்' என்று சொல்வதை விட 'நம்ம தென்காசிப் பக்கம்' என்று சொன்னால்தானே முகம் மலர்கிறது!

இன்னோர் எதிர்வாதமும் உண்டு. சில சமயம் அடைமொழியைத் தவிர்ப்பதே உண்மையை மறைப்பதாகிவிடும். மோசடி செய்து தண்டனை பெற்றவரை 'தொழிலதிபர்' என்று மட்டும் எழுதி விட்டுவிட முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் என் வழி செல்லும். 'மோசடிக்காரர்' என்று திட்டாதே. எந்த வருடம், எந்த நீதிமன்றம், என்ன குற்றத்துக்கு, எத்தனை ஆண்டு தண்டனை என்று எழுது. அதைவிட அழுத்தமான வசை இருக்கிறதா? நடந்ததைச் சொல்வது மழுப்பல் இல்லை. மழுப்புகிறவர்களுக்குத்தான் அடைமொழி வேண்டும்.

முதல் வரிக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் கேட்பீர்கள். காரணம், அது மட்டும்தான் பலரும் படிக்கிறது. கைபேசியில் ஒரு பெயரைத் தட்டினால் மேலே வந்து நிற்பது பெரும்பாலும் அந்த வரிதான். பத்திரிகைக்காரர் அதைப் பார்த்து எழுதுகிறார். பிறகு அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டிக் கலைக்களஞ்சியத்தில் அதே சொல் உறுதியாகிவிடுகிறது. பாம்பு தன் வாலைத் தானே கவ்வுகிற கதை. இப்போது செயற்கை நுண்ணறிவு என்று பேசும் கருவிகளும் அந்தப் பக்கங்களைப் படித்தே வளர்கின்றன. தவறான ஒரு சொல் எத்தனை வாய்க்குப் போகும் என்று பாருங்கள். அந்தச் சொல்லுக்காக ஒருவர் இரவு கண் விழித்துச் சண்டை போட்டால் அவரை வேலையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் இந்த வாரம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் பள்ளியின் நூற்றாண்டு மலர் வேலை ஒரு மாதமாக நின்று கிடக்கிறது. ஏன் நிற்கிறது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் பக்கத்தின் முதல் வரியில் நம் பள்ளி யாருடைய பள்ளி என்று எழுதுவது என்பதுதான் தகராறு. இடம் கொடுத்தவர் பெயரைப் போடு என்கிறார்கள் ஒரு தெருவினர். கூரை வேய்ந்து கட்டியது எங்கள் பாட்டன்மார் என்கிறார்கள் இன்னொரு தெருவினர். "நாங்கள் உள்ளே வந்து உட்காரவே எத்தனை வருடம் ஆச்சு, அதை எழுதுவீர்களா?" என்று மூன்றாவது தெருவிலிருந்து ஒரு பிள்ளை கேட்டான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பலப்பத்தை உடைத்துப் பகிர்ந்தவர்கள் நீங்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். 'இன்னாருடைய பள்ளி' என்ற அடைமொழியை விட்டுவிடுங்கள். யார், எந்த வருடம், எத்தனை சென்ட் நிலம் எழுதிக் கொடுத்தார் என்பது பத்திரத்தில் இருக்கிறது, எழுதுங்கள். முதல் கட்டடத்துக்கு யார் யார் கை கொடுத்தார்கள் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, யார் சொன்னது என்ற பெயரோடு எழுதுங்கள். எந்தத் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த வருடம் சேர்ந்தது என்பது சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதுங்கள், சிறிய எழுத்தில் இல்லை, மற்ற இரண்டுக்கும் அதே அளவில். மூன்றையும் படிக்கிறவர்களுக்கு அது யாருடைய பள்ளி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். வெளியேறிய இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். பத்திர நகலும் பதிவேட்டு நகலும் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காபிக்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்